தென்கண்டத்தின் கதை – 23: பட்டாவைத் திருத்திய தூரிகை

1770 ஆகஸ்ட் 22. டாரஸ் நீரிணையில் ஒரு சின்னத் தீவு. கேப்டன் ஜேம்ஸ் குக் அங்கே கரையேறி, பிரிட்டிஷ் கொடியை ஏற்றி, தான் கடந்துவந்த கிழக்குக் கடற்கரை முழுவதும் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கே சொந்தம் என்று அறிவித்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். கவுராரெக் மக்களின் அந்தத் தீவுக்குப் 'பொசஷன் ஐலண்ட்' என்று பெயர் வைத்துவிட்டு அவர் கப்பலேறிப் போனார்.

சட்டப்படி பார்த்தால் அன்று நடந்தது ஒரு சிறு சடங்கு. கொடி, ஓர் அறிவிப்பு, மூன்று முறை துப்பாக்கி வேட்டு, கப்பலிலிருந்து பதில் வேட்டு. பார்த்தவர்கள் ஒரு சில மாலுமிகள்தான். ஆனால் பின்னாளில் லட்சக்கணக்கான ஆஸ்திரேலியப் பிள்ளைகள் அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தது போலவே நம்பி வளர்ந்தார்கள். அந்த நம்பிக்கையை ஊட்டியவை படங்கள். இந்த இதழில், அப்படியொரு படத்தையும், அது அச்சாகி 126 ஆண்டுகளுக்குப் பிறகு அதற்குள் புகுந்து கணக்குக் கேட்ட ஓவியரையும் பார்க்கப் போகிறோம். அவர் பெயர் கார்டன் பென்னட்.

தட்டேந்தி நிற்பவர் யார்?

ஜான் அலெக்சாண்டர் கில்ஃபிலன் என்ற ஓவியர், குக் கொடியேற்றிய காட்சியைக் கற்பனையாகத் தீட்டினார். அதை வைத்து சாமுவேல் கால்வர்ட் என்ற செதுக்கோவியர் 1865இல் ஓர் அச்சுப்படம் செய்தார். மூல ஓவியம் தொலைந்துபோயிற்று. அச்சுப்படம் பெருகிப் பரவியது.

அந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மேலே பிரிட்டிஷ் கொடி. சிவப்பு அங்கிச் சிப்பாய்கள் வரிசைகட்டி வானத்தை நோக்கிச் சுடுகிறார்கள், புகை எழுகிறது. நடுநாயகமாகக் குக். அவரைச் சுற்றிக் கனவான்கள். முன்னால் ஒரு கறுப்பு மனிதர், மதுக்கோப்பைகள் அடுக்கிய தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார். எல்லாரும் கொண்டாட, அவர் பரிமாறக் காத்திருக்கிறார்.

குக்கின் நாட்குறிப்பு சொல்வது வேறு. தீவை நெருங்கும்போது கரையில் ஆயுதங்களுடன் ஆட்கள் நின்றார்கள். எதிர்ப்பு வரும் என்று குக் எதிர்பார்த்தார். படகு கரையை அணுகியதும் அவர்கள் விலகிப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். அந்த மண்ணின் மனிதர் எவரும் அன்று யாருக்கும் தட்டேந்தவில்லை. எண்டெவர் கப்பலில் ஜோசப் பேங்க்ஸ் கூட்டிவந்த கறுப்பினப் பணியாளர்கள் இருவரும்கூட, ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, 1769 ஜனவரியில், தென் அமெரிக்காவின் கடைக்கோடியான டியெர்ரா டெல் ஃபுயேகோவில் பனியில் விறைத்து இறந்துபோயிருந்தார்கள்.

ஆக, ஆயுதத்தோடு நின்ற மனிதர்கள் படத்தில் மறைந்தார்கள். அந்த இடத்துக்குப் பணிவோடு நிற்கும் ஒருவர் வந்து சேர்ந்தார். 1865இல் அந்தப் படத்தைப் பார்த்த குடியேறிகளுக்கு அப்படியொரு கறுப்பு மனிதர் தேவைப்பட்டார். குயின்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களில் பூர்வகுடிகளைத் துரத்திச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. நிலம் சண்டையின்றிக் கைமாறியது, அதன் மக்கள் வேலைக்காரர்களாக விரும்பி ஒதுங்கி நின்றார்கள் என்று ஒரு சித்திரம் சொல்லிவிட்டால், அது நிலத்துக்கு எழுதிக்கொடுத்த பட்டா போல ஆகிவிடுகிறது. காகிதப் பட்டாவையாவது நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். பாடநூலில் அச்சான பட்டாவை எங்கே போய் எதிர்ப்பது?

இரு பக்கத்துப் பிள்ளை

கார்டன் பென்னட் 1955இல் குயின்ஸ்லாந்தின் மோண்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை வெள்ளையர். தாய் பூர்வகுடிப் பெண். பெற்றோர் இல்லாமல், பிரிஸ்பேனுக்கு வடமேற்கே உள்ள செர்பர்க் குடியிருப்பில் வளர்ந்தவர்.

செர்பர்க் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1897இல் குயின்ஸ்லாந்து அரசு ஒரு பூர்வகுடிப் 'பாதுகாப்பு'ச் சட்டம் கொண்டுவந்தது. எங்கே வாழ்வது, யாரைத் திருமணம் செய்வது, எங்கே வேலைக்குப் போவது என எல்லாவற்றுக்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும். சம்பளமும் அரசின் கணக்குக்குத்தான் போகும். இன்று 'திருடப்பட்ட கூலி' என்று பேசப்படும் அந்தப் பணத்துக்காக நடந்த வழக்கில், 2019இல்தான் குயின்ஸ்லாந்து அரசு 19 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. செர்பர்க்கில் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிகளில் வளர்த்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை பழக்கி, வெள்ளையர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து வெளியே வர வேண்டுமானால் விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்கியவர், உள்ளே இருக்கும் சொந்தபந்தங்களோடு பழகக் கூடாது.

இப்படியொரு உலகத்திலிருந்து வெளியே வந்த தாய், தன் பிள்ளை எந்தச் சுமையும் இல்லாமல் வளரட்டும் என்று நினைத்ததில் வியப்பில்லை. பென்னட் வெள்ளைக்காரப் பிள்ளையாகவே வளர்ந்தார். தன் தாய் பூர்வகுடி என்பது அவருக்குத் தெரியவந்தபோது வயது ஏறக்குறைய பதினொன்று. அதற்குள் பள்ளிப் பாடநூல்கள் அவருக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்திருந்தன: துணிச்சலான ஆய்வுப் பயணிகள், அமைதியாகக் குடியேறிய உழவர்கள், ஓரத்தில் ஈட்டியோடு நிற்கும் காட்டு மனிதர்கள். அந்த ஓரத்து மனிதர்கள் தன் ரத்தம் என்று திடீரெனத் தெரிந்தால் ஒரு பிள்ளை என்ன செய்யும்? பென்னட் அதை உள்ளே வைத்துப் பூட்டினார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டார். பல வேலைகள் பார்த்தார். தொலைபேசித் துறையில் நெடுநாள் இருந்தார். வேலையிடங்களில் உடனிருந்தவர்கள் பூர்வகுடிகளைப் பற்றி இழிவாகப் பேசும்போதெல்லாம் வாய்திறவாமல் கேட்டுக்கொண்டிருந்ததைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

பிரிஸ்பேனில் உள்ள குயின்ஸ்லாந்து கலைக்கல்லூரியில் அவர் சேர்ந்தபோது முப்பது வயதைத் தாண்டிவிட்டது. 1988இல் பட்டம் பெற்று வெளியே வந்தார்.

இருநூறாம் ஆண்டு

வெளியே வந்த ஆண்டு சாதாரண ஆண்டு அல்ல. 1788இல் முதல் கப்பல்தொகுதி சிட்னிக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை ஆஸ்திரேலியா பெரும் செலவில் கொண்டாடியது. ஜனவரி 26 அன்று சிட்னித் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல்கள் அணிவகுத்தன. அதே நாளில், அதே நகரத்தில், பூர்வகுடிகளும் ஆதரவாளர்களுமாகப் பல்லாயிரக்கணக்கானோர் எதிர்ப்புப் பேரணி நடத்தினார்கள். காவலிலும் சிறையிலும் பூர்வகுடிகள் இறந்துபோவதை விசாரிக்க அமைத்த அரச ஆணையம் அப்போது உட்கார்ந்திருந்தது. இறுதியில் அது 99 மரணங்களை விசாரித்தது.

அந்த ஆண்டில் பென்னட் தீட்டிய 'அவுட்சைடர்' அவரை ஊரறியச் செய்தது. வான்கோவின் ஆர்ல் படுக்கையறை நமக்கெல்லாம் தெரியும்: மஞ்சள் கட்டில், நாற்காலி, சன்னல். பென்னட் அந்த அறையின் மேல் வான்கோவின் விண்மீன் இரவையே கூரையாகப் போட்டார். கட்டிலில் கிரேக்கச் சிலைகளின் இரண்டு வெண்தலைகள் கண்மூடிக் கிடக்கின்றன. அவற்றின் எதிரே தலையில்லாத ஒரு கறுப்பு உடல் கை நீட்டி நிற்கிறது. அதன் கழுத்திலிருந்து ரத்தம் மேல்நோக்கிப் பீறிட்டு அந்தச் சுழலும் வானத்தோடு கலக்கிறது. மேற்கத்தியக் கலையின் மிக அந்தரங்கமான அறைக்குள் நுழைந்துவிட்ட ஒருவர், அங்கே தனக்குத் தலை வைக்க இடமில்லை என்று காண்கிறார். கல்லூரியில் அவர் கற்ற கலை வரலாறு முழுவதும் அந்தக் கட்டில்தான்.

இன்னொன்றும் அவரைச் சூழ்ந்திருந்தது. 1971இல் நடு ஆஸ்திரேலியாவின் பாப்புன்யாவில் மூத்த பூர்வகுடி ஆண்கள் தங்கள் முன்னோரின் படைப்புக் கதைகளான கனவுக்காலக் கதைகளைப் பலகைகளில் தீட்டத் தொடங்கினார்கள். எண்பதுகளில் அந்தப் புள்ளி ஓவியங்கள் உலகச் சந்தையில் விலைபோயின. பூர்வகுடி ஓவியர் என்றால் புள்ளிதான் வைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. பென்னட்டுக்கு அந்தக் கதைகள் யாரும் சொல்லித் தந்தவை அல்ல. அவற்றைத் தீட்டும் உரிமையும் அவருக்கு இல்லை. எனவே அவர் வேறு புள்ளியைக் கண்டெடுத்தார். செய்தித்தாள் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகளாகத்தான் தெரியும். பாடநூல் படங்களைப் பெரிதாக்கி, அந்த அச்சுப் புள்ளிகளை அப்படியே திரைச்சீலையில் ஏற்றினார். தூரத்தில் நின்றால் பாலைவன ஓவியம் போலிருக்கும். கண் பழகியதும், கப்பலும் துப்பாக்கியும் மேலெழுந்து வரும்.

1989இல் 'ரெக்வியம், ஆஃப் கிராண்டியர், எம்பயர்' என்ற மூன்று பலகை ஓவியத்தில் ட்ருகனினியின் முகம் வந்தது. டாஸ்மேனியப் பூர்வகுடிகளின் 'கடைசி மனுஷி' என்று தவறாகப் பெயர் சூட்டப்பட்டவர் அவர். 1876இல் இறக்கும்போது, தன் உடலை அறுத்துப் பார்க்கக் கூடாது என்று கெஞ்சியவர். அவருடைய எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் 1947 வரை காட்சிக்கு வைத்திருந்தார்கள். அவர் இறந்து நூறாண்டு கழித்து, 1976இல்தான் எரியூட்டி அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். பென்னட் அந்த முகத்தின் குறுக்கே தொலைவுக்காட்சிக் கோடுகளை இழுத்தார். ஓவிய மாணவர் எவருக்கும் முதலில் கற்றுத்தரும் கோடுகள் அவை: எல்லாம் ஒரே புள்ளியில் போய்க் குவியும், பார்ப்பவர் ஒரே இடத்தில் நின்று முழு உலகத்தையும் ஆள்வார். நில அளவையாளரும் ஏறக்குறைய அதே கோடுகளைத்தான் மண்ணில் இழுத்தார்.

குக்கின் தீவில்

1991இல் பென்னட் கால்வர்ட்டின் அச்சுப்படத்தைக் கையில் எடுத்தார். 'பொசஷன் ஐலண்ட்' என்ற பெயரில் வெவ்வேறு ஓவியங்கள் பிறந்தன.

ஒன்றில் குக், சிப்பாய்கள், கொடி, புகை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவற்றின் மேல் வண்ணம் சொட்டியும் தெறித்தும் வலைபோல் படர்ந்திருக்கிறது. அந்த வலையின் பின்னால் வெற்றியாளர்கள் மங்குகிறார்கள். தெளிவாகத் தெரிபவர் ஒருவர் மட்டுமே: தட்டேந்திய அந்த மனிதர். அவரைச் சுற்றிக் கறுப்பும் சிவப்பும் மஞ்சளும். 1971இல் ஹரால்ட் தாமஸ் வடிவமைத்த பூர்வகுடிக் கொடியின் நிறங்கள் அவை. கால்வர்ட் ஓர் அலங்காரமாக நிறுத்திய ஆள், இப்போது அந்தச் சடங்குக்கே சாட்சியாகிவிடுகிறார்.

'அப்ஸ்ட்ராக்ஷன்' என்று துணைப்பெயரிட்ட இன்னொன்றில் நேர் எதிர். அங்கே தட்டேந்தியவரின் உருவத்தையே கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கட்டங்கள் மூடியிருக்கின்றன. ரஷ்ய ஓவியர் மாலெவிச்சின் வடிவங்களை நினைவூட்டும் கட்டங்கள். ஒன்றில் அவரைக் காட்டிய பென்னட், மற்றதில் ஏன் மறைத்தார்? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். அந்த உருவம் எந்தப் பூர்வகுடி மனிதரின் முகமும் இல்லை; வெள்ளைக் கற்பனை செய்த ஒரு பொம்மை. பொய்யான உருவத்துக்கு வெளிச்சம் போட்டால் மட்டும் அது உண்மையாகிவிடாது. அதை மூடி, இங்கே இருந்திருக்க வேண்டிய ஆள் வேறு, அவரை உங்கள் படத்தால் காட்ட முடியாது என்று சொல்வதும் நேர்மைதான். பென்னட்டின் கலை இந்த இரண்டு உண்மைகளையும் விட்டுக்கொடுக்காமல் பிடித்திருந்தது.

அந்த வண்ணச் சொட்டுகளும் யோசித்து எடுத்தவை. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக்கின் 'புளூ போல்ஸ்' ஓவியத்தை ஆஸ்திரேலிய அரசு 1973இல் 13 லட்சம் டாலருக்கு வாங்கியபோது நாடே கொந்தளித்தது. பிறகு அதுவே தேசத்தின் பெருமையானது. அந்தப் போலாக், அமெரிக்கப் பழங்குடிகளின் மணல் ஓவியங்களுக்குத் தான் பட்ட கடனை ஒளிக்காமல் சொன்னவர். நவீனம் என்று உலகம் கொண்டாடியதன் அடியில் பழங்குடிக் கைகள் இருந்தன. பென்னட் அந்தச் சொட்டுகளைக் குக்கின் முகத்தின் மேல் கொண்டுவந்து சேர்த்தார்.

யார் யாரிடமிருந்து எடுத்தது?

1991ஆம் ஆண்டின் மொயே எ ஷாந்தோன் கலை விருது பென்னட்டுக்குக் கிடைத்தது. இளம் ஆஸ்திரேலிய ஓவியர்களுக்கான அந்நாளைய பெரிய விருது அது. பிரான்சில் தங்கி வேலை செய்யும் வாய்ப்பும் சேர்ந்தது. விருது பெற்ற ஓவியமான 'நைன் ரிகோஷே'யின் பின்னணியில் ஒரு சர்ச்சையே இருக்கிறது.

இமான்ட்ஸ் டில்லர்ஸ் என்ற புகழ்பெற்ற ஆஸ்திரேலிய ஓவியர், பிறர் படங்களை எடுத்தாண்டு புதுப்படம் செய்பவர். 1985இல் அவர் செய்த 'நைன் ஷாட்ஸ்' ஓவியத்தில், வல்பிரி மக்களின் ஓவியரான மைக்கேல் நெல்சன் ஜகமாராவின் 'ஃபைவ் ஸ்டோரீஸ்' ஓவியத்தை அனுமதி கேட்காமல் சேர்த்துக்கொண்டார். நியூயார்க்கிலோ பெர்லினிலோ உள்ள ஓவியரின் படத்தை எடுத்தாள்வது கலை உத்தி. ஜகமாராவின் படமோ அவருடைய முன்னோர் வழி வந்த பொறுப்பு. யார் தீட்டலாம், யார் தீட்டக் கூடாது என்று அங்கே சட்டமே உண்டு. எந்த ஓவியரைக் கலைஞராகக் கண்டோமோ அதே ஓவியரின் சட்டத்தை மட்டும் ஏன் காண மறுத்தோம்? பென்னட் எழுப்பிய கேள்வி இதுதான். அதையும் கட்டுரையாக எழுதவில்லை. டில்லர்ஸின் சின்னப் பலகைகளின் பாணியையே எடுத்து, பூர்வகுடிகள் சுடப்படும் பழைய பாடநூல் காட்சியின் மேல் பதித்தார். எடுத்தாண்டவரை எடுத்தாண்டார்.

முந்தைய தலைமுறை ஆஸ்திரேலிய ஓவியரான மார்கரெட் பிரெஸ்டனிடமும் இதே கணக்கைப் பேசினார். 1920களிலிருந்து பிரெஸ்டன், பூர்வகுடி வடிவங்களைத் திரைச்சீலைக்கும் மெத்தை விரிப்புக்கும் பயன்படுத்துங்கள், ஆஸ்திரேலியாவுக்கென்று ஒரு தேசியக் கலை பிறக்கும் என்று எழுதிவந்தார். அவருக்கு அந்த வடிவங்கள் மேல் உண்மையான காதல் இருந்தது. ஆனால் அவர் அழகிய வீடுகளுக்கு வடிவம் தேடிய அதே காலத்தில்தான் செர்பர்க் விடுதிகளில் பிள்ளைகள் அடைபட்டிருந்தார்கள். பென்னட் தன் 'ஹோம் டெக்கார்' வரிசையில் பிரெஸ்டன் தீட்டிய பூர்வகுடி உருவங்களை டச்சு ஓவியர் மோண்ட்ரியானின் நேர்கோட்டுக் கட்டங்களுக்குள் நிறுத்தினார். வண்ணம் பளிச்சென்று கண்ணைப் பறிக்கும். கூர்ந்து பார்த்தால், உருவங்கள் கம்பிக்குப் பின்னால் நிற்பது தெரியும். இந்த வரிசைக்கு 1997இல் ஜான் மெக்காகி நினைவுப் பரிசு கிடைத்தது.

பெயர்ப்பலகையை மறுத்தல்

வெற்றி வந்ததும் அதோடு ஒரு பெயர்ப்பலகையும் வந்தது: பூர்வகுடி ஓவியர். கண்காட்சியாளர்கள் அந்தப் பெயரில் அவரை அழைத்தார்கள், விமர்சகர்கள் அந்தப் பெயரில் அளந்தார்கள். தன் தாயின் வழியை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. அதன் வலியைத் தீட்டியே பெயர் பெற்றார். ஆனாலும் ஓர் இனத்தின் பேச்சாளராகத் தன்னை நிறுத்திவைப்பதை ஏற்கவில்லை. வெள்ளையர் வகுத்த பெட்டிகளிலிருந்து வெளியேறப் போராடியவரை, மரியாதையாக அலங்கரித்த இன்னொரு பெட்டியில் உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவார்?

1995இல் 'ஜான் சிட்டிசன்' என்ற புனைபெயரில் ஓவியங்கள் வெளியிடத் தொடங்கினார். இனமும் ஊரும் தெரியாத ஒரு சராசரிக் குடிமகன். அந்தப் பெயரில் வந்த 'இன்டீரியர்ஸ்' வரிசையில் அலங்கார இதழ்களில் பார்ப்பது போன்ற பளபளப்பான வரவேற்பறைகள். சோபா, விளக்கு, சுவரில் ஓவியங்கள், மனிதர் ஒருவர்கூட இல்லை. 1998 முதல் 'நோட்ஸ் டு பாஸ்கியா' வரிசையில், பத்தாண்டுக்கு முன் இறந்த அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ழான்-மிஷேல் பாஸ்கியாவோடு படங்களாலேயே உரையாடினார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலும் அந்த வரிசைக்குள் வந்தது. 2003இல் அதையும் நிறுத்தி, வெறும் பட்டைகளால் ஆன அருவ ஓவியங்களுக்குப் போனார். கோபத்தை மட்டுமே தன்னிடம் எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம். ஒரு கலைஞருக்கு எதை வேண்டுமானாலும் தீட்டும் உரிமை உண்டு என்பதும் அவர் போராடி வென்ற நிலம்தான்.

2012இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடக்கும் டாகுமென்டா கண்காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. 2014 ஜூனில், 58 வயதில், எதிர்பாராமல் இறந்தார்.

அவருக்குப் பின்

பென்னட் திறந்த வழியில் பலர் வந்தார்கள். 1982இல் கெயின்ஸில் பிறந்த டேனியல் பாய்ட், 2006இல் 'வி கால் தெம் பைரேட்ஸ் அவுட் ஹியர்' என்ற ஓவியத்தில், எமானுவேல் ஃபிலிப்ஸ் ஃபாக்ஸ் 1902இல் தீட்டிய குக்கின் பாட்டனி விரிகுடா வருகையைத் திரும்ப வரைந்து, குக்கின் கண்ணில் கடற்கொள்ளையர் பட்டையைக் கட்டினார். பிரிஸ்பேனில் வாழும் ஆர்ச்சி மூர் 2024இல் வெனிஸ் பியனாலே கலைவிழாவின் தங்கச் சிங்க விருதை ஆஸ்திரேலியாவுக்கு முதன்முறையாக வாங்கிக்கொடுத்தார்.

2016இல் லண்டன் டேட் அருங்காட்சியகமும் சிட்னியின் தற்காலக் கலை அருங்காட்சியகமும் சேர்ந்து வாங்கிய முதல் படைப்புகளில் 'பொசஷன் ஐலண்ட் (அப்ஸ்ட்ராக்ஷன்)' ஒன்று. குக் எந்த மன்னருக்காகக் கொடியேற்றினாரோ அந்த மன்னரின் தலைநகரம், அந்தக் கொடியேற்றத்தைக் கேள்வி கேட்கும் படத்துக்கு இன்று பாதி உரிமையாளர். அதனால் பறிபோன நிலம் ஒரு அங்குலமும் திரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் நிலத்தைப் பறிப்பதற்கு முன்னும் பின்னும் அதை நியாயப்படுத்தும் படங்கள் தேவைப்பட்டன. அந்தப் படங்கள் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவையாக இருந்த வரை நியாயம் கேட்டவர்களின் குரல் எடுபடவில்லை. இன்று ஆஸ்திரேலியப் பள்ளிப் பிள்ளைகள் கால்வர்ட்டின் அச்சுப்படத்தோடு பென்னட்டின் ஓவியத்தையும் பார்த்து வளர முடிகிறது. இரண்டையும் பார்த்த பிள்ளையிடம், யாருமில்லாத நிலத்தில்தான் குடியேறினோம் என்ற பழைய கதையை அவ்வளவு எளிதாக விற்க முடியாது.

சித்திரத்தில் நடந்த இந்த வழக்கின் கூடவே, நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. டாரஸ் நீரிணையின் மெர் தீவில் பிறந்த எடி மாபோ, தன் குடும்பத் தோட்டத்தின் எல்லைகளைச் சொல்லிக் குயின்ஸ்லாந்து அரசை எதிர்த்து நின்றார். பத்தாண்டு நீண்ட அந்த வழக்கில் 1992 ஜூன் 3 அன்று தீர்ப்பு வந்தது. நான்கு மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்ட மாபோ அதைக் கேட்கவில்லை. அந்தத் தீர்ப்பு என்ன சொன்னது, என்ன சொல்லாமல் விட்டது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)